ஆறு மாச அடைப்பு

சொந்த வீட்டில் செத்து, சொந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் பிச்சமுத்து வீடு வாங்கினார். ஊருக்கு அவர் சொன்ன காரணங்கள் வேறு. வாடகை வரும், வயசான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம், பிள்ளை குட்டி இல்லாதவனுக்கு வீடுதான் பிள்ளை என்றெல்லாம் சொல்வார். அவை பெண்டாட்டி இருசம்மாள் சொல்லிக்கொடுத்தவை. அவருடைய சொந்தக் காரணம் இது ஒன்றுதான்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை. சங்கிலியாண்டபுரத்தில் ஒண்டுக்குடித்தனமாக இருந்த காலத்தில் அவருடைய தாயார் செத்துப்போனாள். வீட்டுக்காரர் நடையில் குறுக்கே நின்றுகொண்டு, இந்த வழியாகப் பிணம் போகக் கூடாது, மற்ற குடித்தனக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், கொல்லைப் பக்கமாக எடுத்துப்போ என்றார். கொல்லைப் பக்கம் என்றால் கக்கூஸ் வாளி போகிற சந்து. பட்டப்பகலில், ஈ மொய்க்கிற அந்தச் சந்து வழியாகப் பெற்ற தாயைத் தூக்கிக்கொண்டு போனார் மனுஷர். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, என் சாவாவது என் வீட்டில் நடக்கட்டும் என்று மனசுக்குள் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் காப்பி குடிக்கிற காசைக்கூட மிச்சம் பிடித்தார்.

இருசம்மாளும் அன்றைக்கு அந்தச் சந்தில் மாமியாருக்குப் பின்னால் நடந்தவள்தான். அவள் கற்றுக்கொண்டது வேறு. வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னால் பிணம்கூட வழி மாறிப் போகிறது என்பதை அவள் கண்ணால் பார்த்தாள். இந்த அதிகாரம் தாசில்தாருக்குக்கூடக் கிடையாது.

1955-இல் அவர் ரிட்டயர் ஆனார். கையில் பிராவிடண்ட் பண்டு வந்தது. வீடு தேடி அவர் அலையவில்லை. இருசம்மாள் அலைந்தாள். பாலக்கரையில் ஒரு சந்துக்குள் ஆறு குடித்தனம் இருக்கக்கூடிய ஸ்டோர் ஒன்று பூட்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தாள். முன்கட்டில் ஒரு குடித்தனம், நடுவில் கிணறு, கிணற்றைச் சுற்றி ஐந்து குடித்தனம். எல்லாரும் போக வர ஒரே நடை. அந்த நடையும் முன்கட்டுக்குள் புகுந்துதான் வெளியே வரும்.

அப்படிப்பட்ட வீடு ஏன் பூட்டிக் கிடந்தது என்றால், அதன் சொந்தக்காரரான மண்டி முதலாளி முன்கட்டில் சதய நட்சத்திரத்தில் செத்துப்போயிருந்தார். அவிட்டம் தொடங்கி ரேவதி முடிய ஐந்து நட்சத்திரம். இவற்றில் ஒருவர் வீட்டுக்குள் செத்தால் செத்த இடத்தை ஆறு மாசம் பூட்டிப்போட வேண்டும். விளக்கு ஏற்றலாம், மனுஷர் புழங்கக் கூடாது. மீறினால் சாவு அடுத்தடுத்து விழும் என்று பயம். இதற்குப் பெயர் அடைப்பு. முன்கட்டு அடைத்தால் நடை அடைத்தது, நடை அடைத்தால் வீடே அடைத்தது. குடித்தனக்காரர்கள் பின்சுவரை இடித்துக்கொண்டு சட்டி பானையோடு வெளியேறினார்கள். முதலாளியின் பிள்ளைகள் வந்த விலைக்குத் தள்ளிவிடத் தயாராக இருந்தார்கள்.

“இன்னும் ஒரு மாசம் போகட்டுங்க. விலை இன்னும் எறங்கும்” என்றாள் இருசம்மாள். இறங்கியது. பாதி விலைக்கு வீடு வந்தது. ஆறு மாசம் முடிந்ததும் சாந்தி கழித்து, சுண்ணாம்பு அடித்து, பால் காய்ச்சினார்கள். பத்திரம் பிச்சமுத்து பேரில் இருந்தது. ஊர் அதை இருசம்மா ஸ்டோர் என்று சொன்னது.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். கட்டுகிறவன் கொத்தனாரோடு முடித்துக்கொள்வான். குடித்தனம் வைத்து ஆள்கிறவளுக்கு விடிந்தால் வேலை. கிணற்றுக் கயிறு இருசம்மாளிடம் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் கயிறு உள்ளே போய்விடும். மெயின் சுவிட்ச் அவள் தலைமாட்டில் இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு உரலில் இடிக்கக் கூடாது. இதெல்லாம் எந்த ஸ்டோரிலும் உண்டு. இருசம்மாள் தனியாக ஒன்று வைத்திருந்தாள். குடிவருகிறவர்களிடம் அட்வான்சை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே சொல்வாள்: “இந்த வீட்டிலே யாரும் சாகக் கூடாது. சொல்லிட்டேன்.”

கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். அடைப்பினால் பாதி விலைக்கு வாங்கிய வீட்டை அதே அடைப்பினால் இழந்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்குச் சோறு போல் தினமும் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

வருஷப் பிறப்புக்கு முன்னால் ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கோபுரத்தடியில் புதுப் பஞ்சாங்கம் வாங்கி வருவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. காலையில் பல் விளக்கியதும் பிச்சமுத்து அதைப் பிரித்து அன்றைய நட்சத்திரத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் காப்பி. மாசத்தில் ஐந்து நாள் அவள் முகம் கடுகடுவென்று இருக்கும். யார் இருமினாலும் எட்டிப் பார்ப்பாள். மூன்று மாசம், இரண்டு மாசம் என்று சில்லறை அடைப்புகளும் உண்டு. அவற்றுக்கு அவள் அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை.

காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் வியாபாரம் செய்த வீரமலை மூன்றாவது குடித்தனம். அவனுடைய அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூச்சிரைப்பு வேறு. இருசம்மாள் யோசித்து ஒரு வழி சொன்னாள். திருவோணத்தன்று கிழவரை லால்குடிப் பக்கம் மகள் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும், அசுவினியன்று திரும்ப அழைத்துக்கொள்ளலாம். மாசம் தவறாமல் கிழவர் மூட்டையோடு போனார், மூட்டையோடு வந்தார். வீரமலையின் பெண்டாட்டி வெள்ளையம்மாள் ஆரம்பத்தில் முணுமுணுத்தாள். பிறகு அவளே திருவோணத்தன்று காலையில் மூட்டையைக் கட்டி வைக்க ஆரம்பித்தாள். ஏழாவது மாசம் கிழவர், இனி நான் அங்கேயே கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

“ஏன் இருசு, நான் செத்தா என்ன செய்வே?” என்று ஒருநாள் பிச்சமுத்து கேட்டார்.

“நீங்க நல்ல நட்சத்திரமாப் பாத்துப் போங்க” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்ததும் அவிட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் முதலில் பார்த்தார்.

ஐந்தாவது குடித்தனம் அமிர்தராஜ். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு அச்சாபீசில் ஈய எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர். பெண்டாட்டி டோரதி மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்தாள். வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அமைதியானவர்கள், வாடகை தேதிக்கு வரும். குடிவந்த அன்றைக்கே டோரதி சொல்லியிருந்தாள்.

“எங்களுக்கு நட்சத்திரமெல்லாம் கிடையாதுக்கா.”

“உங்களுக்குக் கிடையாது. வீட்டுக்கு உண்டு” என்றாள் இருசம்மாள்.

1961 மாசியில் அமிர்தராஜுக்கு நெஞ்சு பழுதாகிவிட்டது. ஈயத்தோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய நெஞ்சு. டாக்டர்கள் கை விரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வந்து படுத்த நாலாம் நாள் திருவோணம். அன்று சாயங்காலம் அவிட்டம் பிறக்கிறது என்று காலையில் பிச்சமுத்து படித்தார். இருசம்மாள் காப்பியைக்கூடத் தொடாமல் ஐந்தாவது குடித்தனத்துக்குப் போனாள்.

“டோரதி, மூணு மணிக்கு வண்டி சொல்லியிருக்கேன். மேலப்புதூர்லே உங்க அக்கா வீடு இருக்கில்லே, அங்கே கொண்டுபோயிடு. அஞ்சு நாள் கழிச்சு இருந்தார்னா கூட்டிக்கிட்டு வா.”

“அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருக்கா. சாமியாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். அவஸ்தை பூசிட்டா அவர் நிம்மதியாப் போயிடுவாரு. அது மட்டும் இங்கே நடந்துடட்டும்.”

சாகப்போகிற வேதக்காரருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி, செபம் சொல்லி, ஆத்துமாவை வழியனுப்புகிற சடங்கு அது. அது இல்லாமல் போவது அவர்களுக்குத் தீராத குறை. இருசம்மாளுக்கு அது தெரியும். சாமியார் வந்துவிட்டால் பிறகு ஆளை அசைக்க விடமாட்டார் என்பதும் தெரியும்.

பத்து மணிக்கு மாதா கோயிலிலிருந்து சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கிற உபதேசியார் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். பிச்சமுத்து நடையில் நின்றிருந்தார். கதவுக்குப் பின்னால் இருசம்மாள்.

“அமிர்தராஜ் இருக்கிற வீடு இதுதானுங்களே? சாமியார் சாயங்காலம் அவஸ்தை பூச வரேன்னாரு. ஆள் நெனவோட இருக்காரான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு.”

“ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு சொல்லுங்க” என்று கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தது.

“ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க. மணப்பாறைப் பக்கம்” என்றார் பிச்சமுத்து.

அந்த நேரம் பார்த்து ஐந்தாவது குடித்தனத்திலிருந்து இருமல் கேட்டது. நின்று, இழுத்து, மறுபடி தொடங்குகிற இருமல். உபதேசியார் உள்பக்கம் பார்த்தார்.

“அது வேற குடித்தனங்க” என்றார் பிச்சமுத்து.

இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் பொய் பெண்டாட்டியினுடையது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவது அவருடைய சொந்தச் சரக்கு. ஏன் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வீட்டுக்காரனாக ஆறு வருஷம் இருந்தால் வாய் தானாகவே அப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது போலும். உபதேசியார் நம்பிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

அன்று ஒன்பது மணிக்கு முன்னாலேயே கிணற்றுக் கயிறு உள்ளே போயிருந்தது. நோயாளிக்குத் துடைக்கத் தண்ணீர் கேட்டு டோரதி ஒவ்வொரு வாசலாக நின்றாள். யாரும் தரவில்லை. வெள்ளையம்மாள் மகளைப் பெண் பார்க்க அந்த வாரம் வருகிறார்கள். அவள் கதவையே திறக்கவில்லை. எல்லாரையும் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். எல்லாருக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு ஜட்கா வந்தது. சாமியாரும் வராமல், தண்ணீரும் கிடைக்காமல் டோரதி தலையைப் பிடித்தாள். பிச்சமுத்து காலைப் பிடித்தார். வண்டி ஏறும்போது அமிர்தராஜ், “சாமியார் வந்துட்டாராண்ணே?” என்று கேட்டார். பிச்சமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

ரயில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய், கேட் திறப்பதற்குள் அமிர்தராஜ் போய்விட்டார். எண்ணெயும் இல்லை, செபமும் இல்லை. மாடு, சைக்கிள், லாரி எல்லாம் சுற்றி நிற்க, நடுரோட்டில் போனார். அப்போது மணி நாலு. அவிட்டம் பிறக்க இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. படுத்த இடத்திலேயே செத்திருந்தால் ஐந்தாவது குடித்தனத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

“திருவோணத்திலேதான் போயிருக்காரு. புண்ணியவான்” என்றாள் இருசம்மாள், சேதி வந்தபோது. அன்று சாயங்காலம் கயிறு கிணற்றடிக்குத் திரும்பியது.

எட்டு நாள் கழித்து டோரதி தையல் மிஷினை எடுத்துப்போக வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து இருசம்மாள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். டோரதி அவளைப் பார்க்கவே இல்லை. பிச்சமுத்து முன்னால் வந்து நின்றாள்.

“இருமல் கேட்டுதாமேண்ணே. உபதேசியார் சொன்னாரு.”

அவ்வளவுதான் கேட்டாள். மிஷினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஐந்தாவது குடித்தனத்துக்கு அதே வாரம் ஷரீபா குடும்பம் வந்தது. இருசம்மாள் அவளிடமும் அட்வான்சை வாங்கி முடிந்துகொண்டு தன் சட்டத்தைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு இருசம்மா ஸ்டோரில் எல்லாரும் நட்சத்திரம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பஞ்சாங்கம் இல்லாத வீடு இல்லை. யாருக்கு ஜுரம் வந்தாலும் அடுத்த குடித்தனத்துக்காரி விரல் விட்டு எண்ணினாள். பிச்சமுத்து அறுபதைத் தாண்டி, அறுபத்தைந்தையும் தாண்டினார். காலையில் படித்தார், காப்பி குடித்தார். அந்த இருமல் அவர் காதில் இருந்துகொண்டே இருந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. ஆயிரம் இருந்தாலும் சொந்தக்காரன், பத்திரம் என் பேரில் இருக்கிறது, என்னை யார் கிளப்ப முடியும் என்ற தைரியம்.

1967-இல் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு. ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். முன்கட்டில் நடைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்தபோது அவருக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது. இருபத்தாறு வருஷம் முன்னால் சுடுகாட்டுப் பாதையில் ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாசல் நாலடியில் தெரிந்தது.

மறுநாள் காலை இருசம்மாள் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மாசத்தில் அவளுக்கு நட்சத்திரக் கணக்கு தவறிப்போயிருந்தது.

அவர் பிரித்தார். உத்திராடம். நாளைக்குத் திருவோணம். அதற்கு மறுநாள் அவிட்டம்.

“பூசம்” என்றார்.

பன்னிரண்டு வருஷப் பஞ்சாங்கத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய். இருசம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஐந்து நாளும் ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிட்டதென்று அவள் முகம் தெளிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அவள் கை அன்று மிருதுவாக இருந்தது.

“பூசம் ரொம்ப நல்ல நாளுங்க” என்றாள். சிறிது நேரம் கழித்து மறுபடி சொன்னாள்: “எதையும் நெனச்சு மனசை இழுத்துப் பிடிச்சுக்காதீங்க. நிம்மதியாப் போங்க.”

அவருக்குப் புரிந்தது. கல்யாணமான நாள் முதல் அவள் சொல்லை அவர் தட்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை மார்பில் வைத்துக்கொண்டு, உண்மையாகவே முயன்று பார்த்தார். சாயங்காலம் பசித்தது. இட்லி கேட்டார். இருசம்மாள் கொடுத்தாள், கொஞ்சம் வருத்தத்தோடு.

மறுநாள் ஆயில்யம் என்றார். அதற்கு மறுநாள் மகம். உள்ளபடிக்கு அன்று அவிட்டம். நாலாம் நாள் பூரம் என்று அவர் சொன்ன அரைமணி நேரத்தில் வெள்ளையம்மாள் நடையில் வந்து நின்றாள். அவள் பின்னால் பாத்திர மூட்டை, படுக்கை மூட்டை எல்லாம் கட்டி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

“ஏங்க்கா, நேத்து அவிட்டம், இன்னைக்குச் சதயம். அண்ணனை நடையிலே இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்களே. ஏதாவது ஆயிட்டா நாங்க எந்த வழியாப் போறது? நாங்க இப்பவே கெளம்பிடறோம். ஷரீபாவும் மூட்டை கட்டுறா.”

இருசம்மாள் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வீரமலையிடம் ஓடினாள். அவன் படித்தான். சதயம்தான். மண்டி முதலாளி செத்த நட்சத்திரம்.

திரும்பி வந்து கட்டிலருகே நின்றாள். “நாலு நாளா எங்கிட்டே பொய் சொல்லியிருக்கீங்க.”

“இருசு, இந்த ஒண்ணு மட்டும் விட்டுடு. நான் இங்கேயே போயிடறேன். இதுக்காகத்தானே வாங்கினேன்.”

“நீங்க போயிடுவீங்க. நடை அடைஞ்சா அஞ்சு குடித்தனமும் போயிடும். அப்புறம் என்னை யாரு வெச்சுக் காப்பாத்துவா? நான் எந்தச் சந்து வழியாப் போறது?”

அவள் அழுதாள். பொய் அழுகை இல்லை. அழுதுகொண்டே ஜட்காவுக்கு ஆள் அனுப்பினாள். குடித்தனக்காரர்கள் ஐந்து வாசலிலும் நின்று பார்த்தார்கள். காலைப் பிடிக்க வீரமலை வந்தான், தலையை அவளே பிடித்தாள். நாலடியில் இருந்த வாசல் வழியாகத்தான் அவர் போனார். உயிரோடு போனார்.

“மூணே நாள். அசுவினி வரட்டும், கூட்டிக்கிட்டு வந்துடறேன்” என்று வண்டியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

உறையூரில் அவளுடைய தம்பி மருதை வீட்டு வாசலில் வண்டி நின்றது. தம்பி வெளியே வந்து, மாமாவைப் பார்த்து, வானத்தைப் பார்த்தான்.

“இன்னைக்கு என்ன நட்சத்திரம்க்கா?”

அவள் வண்டியின் படுதாவை இழுத்துவிட்டாள். மகளுக்குப் பரிசம் போட்டிருக்கிறது என்று அவன் கதவோரம் நகர்ந்துகொண்டான். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் கேட்டாள். மேனேஜர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு இடத்தில் வாடகைக்கு ஒரு அறை, மூன்றே நாளைக்கு என்று கெஞ்சினாள். ஆறு குடித்தனத்துக்குச் சொந்தக்காரி, வெயிலில் தெருத் தெருவாக, புருஷன் சாவதற்கு ஓர் இடம் கேட்டு அலைந்தாள். யாரும் தரவில்லை. அவளே அந்த இடத்தில் இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டாள்.

“டோரதி வீட்டுக்குப் போ” என்றார் பிச்சமுத்து. “அவங்களுக்கு நட்சத்திரம் கிடையாது.”

மேலப்புதூரில் பேட்ரிசியா அம்மாள் என்ற ஓர் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பெண்மணியின் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் ஓட்டு அறை. அதில் டோரதி இருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். தலை நரைத்திருந்தது. வண்டிக்குள் பார்த்தாள். டோரதி எதையும் விசாரிக்கவில்லை.

“உள்ளே கொண்டாங்க” என்று வண்டிக்காரரிடம் சொன்னாள்.

தன் கட்டிலில் அவரைப் போட்டாள். உடம்பைத் துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினாள், மலஜலத்துக்குப் பீங்கான் வைத்து எடுத்தாள். ஒரு வேலையிலும் வெறுப்பு இல்லை. ஒரு வார்த்தையும் இல்லை. அவள் திட்டினால் தேவலை என்று அவர் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. இருசம்மாள் தினமும் காலையில் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வா என்றும் டோரதி சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கிணற்றுக் கயிற்றைப் பார்க்க அவள் பாலக்கரைக்குத் திரும்பிவிடுவாள்.

பூரட்டாதி போயிற்று. உத்திரட்டாதி போயிற்று. பிச்சமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நாளை எண்ணினார். அதற்கு முன்னால் எதற்கும் அவர் இவ்வளவு பிடிவாதமாக உயிரோடு இருந்ததில்லை. ரேவதி அன்று காலை இருசம்மாள் வந்து, “நாளைக்கு அசுவினி. விடிஞ்சதும் வண்டி சொல்லியிருக்கேன்” என்றாள். அவர் தலையை அசைத்தார். நாக்கு தடித்துப்போயிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரும் வாசலும் ஒன்றாகக் கலங்கின. எங்கேயோ தண்ணீர் சேந்துகிற சத்தம் கேட்டது. கையால் கட்டில் சட்டத்தைத் தடவினார்.

“டோரதி” என்றார். “வந்தாச்சா? இது நம்ம பாலக்கரை வீடுதானே?”

வாசற்படியில் இருந்த இருசம்மாள் எழுந்து நின்றாள். ஆமாம் என்று சொல், ஆமாம் என்று சொல் என்று டோரதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு சொல் போதும். சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, சாமியாரே கேட்டிருந்தாலும் மன்னித்திருப்பார்.

டோரதி ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்தாள். கடைவாயில் வழிந்ததைப் பதமாகத் துடைத்தாள். பிறகு காதருகே குனிந்தாள்.

“இல்லேண்ணே. இது வாடகை வீடு.”

அவர் விளக்கு வைக்கிற நேரத்தில் போனார். பார்வை மத்தியானமே போய்விட்டது. காது மட்டும் கடைசி வரைக்கும் நன்றாகக் கேட்டது.